பெரில் என்ற சொல்லும் படியூர்க் கல்லும்

காங்கேயத்திலிருந்து திருப்பூர் போகும் சாலையில் படியூர் இருக்கிறது. சாலையோரம் கிளுவை வேலி. வேலிக்குள் கொறங்காடு. அதில் முழங்கால் உயரத்துக்குக் கொழுக்கட்டைப் புல்லும் இடையிடையே வெள்வேல மரங்களும். மழை பெய்து மண் அடங்கிய மறுநாள், உழுத காட்டில் தலை நிமிராமல் நடக்கிற ஆட்களை இந்தப் பக்கத்தில் பார்க்கலாம். ஒருமுறை வண்டியை நிறுத்தி, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். "கல்லுப் பொறுக்கறமுங்க. மழ பேஞ்சா மேல வருமுங்க" என்றார் ஒரு பெரியவர். மடியிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். சுண்டுவிரலில் ஒரு கணு நீளம் இருக்கும். முதலில் அழுக்குப் பிடித்த கண்ணாடித் துண்டு போலத்தான் தெரிந்தது. எச்சில் தொட்டுத் துடைத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார். உள்ளே ஆழமில்லாத கடல்நீரின் வெளிறிய பச்சை. விரலில் உருட்டினால் ஆறு பட்டைகள் தட்டுப்பட்டன. பட்டைகளின் மேல் நீளவாக்கில் மயிரிழை போன்ற கோடுகள். கல்லுக்கு என்ன பெயர் என்றேன். "பச்சக்கல்லுங்க" என்றார்.

ஆங்கிலத்தில் அதன் பெயர் பெரில். எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த மொழியில் புழங்கும் சொல் இது. ஆங்கிலேயர் அதைப் பழைய பிரெஞ்சிலிருந்து பெற்றார்கள். பிரெஞ்சு லத்தீனின் பெரில்லஸிலிருந்தும், லத்தீன் கிரேக்கத்தின் பேரில்லோஸிலிருந்தும் பெற்றன. அதற்குமேல் ஐரோப்பாவில் வேர் இல்லை. கிரேக்கச் சொல் பிராகிருதத்தின் வேருலிய என்ற வடிவிலிருந்து வந்தது என்பதில் சொற்பிறப்பாய்வாளர்கள் பெரும்பாலும் உடன்படுகிறார்கள். பாலி மொழியில் அது வேளுரிய, வடமொழியில் வைடூர்ய. நாம் நவரத்தினங்களில் ஒன்றாக எண்ணும் வைடூரியமும் ஆங்கிலேயரின் பெரிலும் ஒரே சொல்தான்.

சொல் ஒன்று, பொருள் ஒன்றில்லை. இன்று கோவை ராஜ வீதியின் எந்த நகைக்கடையிலும் வைடூரியம் கேட்டால், நடுவில் வெள்ளைக் கீற்று ஓடும் தேன்நிறக் கல்லைத்தான் எடுத்து வைப்பார்கள். பூனைக்கண் என்றும் சொல்வார்கள். அது கிரைசோபெரில் என்ற வேறு கனிமம். படியூர்ப் பெரியவரின் மடியில் இருந்த கல்லும் அதுவும் ஒன்றல்ல. அப்படியானால் பழைய நூல்கள் வைடூரியம் என்றது எதை?

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் கருவூலத்துக்கு வரும் மணிகளை வகைப்படுத்தும் இடத்தில் வைடூரியத்தின் நிறங்களை அடுக்குகிறது. நெய்தல் பூ, வாகைப்பூ, நீர், மூங்கில், கிளியிறகு ஆகியவற்றின் நிறங்கள் முதலில் வருகின்றன. மஞ்சள் வகைகள் கடைசியில்தான். நீர்நிறமும் மூங்கில் பச்சையும் கிளியிறகின் பச்சையும் ஒரே கல்வகையில் வருவதென்றால் அது பெரிலாகத்தான் இருக்க முடியும். பூனைக்கண்ணுக்குத் தனி அடையாளமான அந்த வெள்ளைக் கீற்றைப் பற்றி அங்கே ஒரு சொல்கூட இல்லை. சிலப்பதிகாரத்துக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. மதுரையின் மணிக்கடை வீதியை இளங்கோ வருணிக்கும்போது தெளிந்த தேன்போன்ற நிறமுடைய ஒரு கல் வருகிறது. உரையாசிரியர்கள் அதையே வைடூரியம் என்று கொண்டார்கள். பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் பொருள் நகர்ந்த தடம் இதில் தெரிகிறது என்பது என் கருத்து. பச்சைப் பெரில் சந்தையில் அருகி, மரகதம் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ள, பெயர் மட்டும் மிஞ்சி வேறு கல்லில் போய் ஒட்டிக்கொண்டது.

வெளிநாடு போன சொல் இன்னும் பல வடிவங்கள் எடுத்தது. பௌத்த நூல்களோடு சீனம் போன வேளுரிய, அங்கே முதல் அசை உதிர்ந்து லியூலி ஆயிற்று. கண்ணாடிக்கும், மினுமினுப்புப் பூசிச் சுட்ட ஓட்டுக்கும் சீனர் அந்தச் சொல்லை வைத்தார்கள். பெய்ஜிங் அரண்மனைக் கூரையின் மஞ்சள் ஓடுகள் லியூலி ஓடுகள்தான். ஜப்பானில் அதே சொல் ருரி ஆகி ஆழ்ந்த நீல நிறத்தையும் நீலக்கல்லையும் குறித்தது. மலாயில் பைடூரி. பாரசீகத்திலும் அரபியிலும் பில்லவுர், பல்லூர் என்று வழங்கும் பளிங்குச் சொற்களையும் இதே குடும்பத்தில் சேர்ப்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்மன் கதை. ஜெர்மானியர் மூக்குக் கண்ணாடியை பிரில்லே என்கிறார்கள், டச்சுக்காரர்கள் பிரில் என்கிறார்கள். இடைக்கால ஐரோப்பாவில் தெளிவான கண்ணாடி அரிது. எழுத்தைப் பெருக்கிக் காட்ட, தெளிந்த பளிங்குகளைக் குமிழாகத் தேய்த்துப் பக்கத்தின் மேல் வைத்துப் படித்தார்கள். அந்தக் கற்களைப் பொதுவாக பெரில் என்றே அழைத்தார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் மூக்குக் கண்ணாடி தோன்றியபோது கல்லின் பெயர் அதன்மேல் ஏறிக்கொண்டது. பிரெஞ்சில் மூக்குக் கண்ணாடிக்கு இருந்த பழைய பெயரான பெஸிக்ளும் இதிலிருந்து வந்ததுதான். ஒளிவிடுவது என்னும் பொருளுடைய பிரில்லியன்ட் என்ற சொல்லையும் சிலர் இங்கே கொண்டுவந்து சேர்க்கிறார்கள். இத்தாலியச் சொல் ஒன்றின் வழியாக வரும் அந்த உறவு உறுதிப்படவில்லை. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

சரி, ஐரோப்பாவுக்குக் கல் எங்கிருந்து போனது? கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலைச் சீற்றத்தில் இறந்த பிளினி, தன் இயற்கை வரலாற்றின் 37ஆம் நூலில் இதற்கு விடை தருகிறார். பெரில் இந்தியாவில் விளைவது, பிற இடங்களில் அரிது என்கிறார். தூய கடலின் பச்சையை ஒத்ததே உயர்ந்த கல். மங்கிய நிறம் பட்டைகளில் எதிரொளித்துத் தெளிவுபெற வேண்டும் என்று ஆறு பட்டையாகத் தீட்டுகிறார்கள். ஆனால் சிலர் அது பிறக்கும்போதே பட்டையோடு பிறப்பதாகக் கருதுகிறார்கள் என்றும் எழுதுகிறார். அந்தச் சிலர் சொன்னதுதான் சரி. இந்தியர் நீளமான பெரிலையே விரும்புவார்கள், பொன் இல்லாமலே அழகாக இருக்கும் மணி இது ஒன்றுதான் என்பார்கள், துளையிட்டு யானை மயிரில் கோப்பார்கள் என்றும் அவர் குறித்து வைத்திருக்கிறார். ரோமில் உட்கார்ந்து எழுதியவருக்கு யானை மயிர்ச் செய்தி எட்டியிருக்கிறதென்றால், நம் மணி வணிகரோடு பேசிப் பழகிய யாரோ ஒருவர் அதைக் கொண்டுபோயிருக்க வேண்டும்.

2ஆம் நூற்றாண்டில் தாலமி எழுதிய புவியியல் நூல், பெரில் கிடைக்கும் ஊராக புன்னாட்டைக் குறிக்கிறது. பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை மைசூருக்குத் தெற்கே கபினிக் கரையில் வைக்கிறார்கள். கொங்குக்கு அது அடுத்த வீடு. அதே நூலில் சேரரின் தலைநகரான கரூரும் வருகிறது. தென்னிந்தியாவில் கிடைத்த ரோமக் காசுப் புதையல்களில் கணிசமானவை பாலக்காட்டுக் கணவாய்க்கும் கரூருக்கும் இடைப்பட்ட நிலத்தில் கிடைத்தவை. 1842இல் கோவைக்கு அருகே வெள்ளலூரில் ஒரு பானை நிறைய, ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோம வெள்ளிக் காசுகள் வெளிப்பட்டன. கடலோரத் துறைமுகங்களை விட்டு உள்நாட்டுப் புன்செய்க் காட்டில் இத்தனை ரோமக் காசு ஏன் என்ற கேள்விக்கு, ரோம-இந்திய வணிகத்தைப் பற்றி 1928இல் நூல் எழுதிய வார்மிங்டன் போன்றோர் சொன்ன விடைகளில் ஒன்று, இந்தப் பெரில் சுரங்கங்கள்.

சுரங்கம் இருந்த ஊர் படியூர். மண்ணுக்குச் சான்று சொல்லும் ஊர் கொடுமணல்.

படியூரிலிருந்து பறவை பறக்கும் தொலைவில் பதினைந்து கிலோமீட்டருக்குள், சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் எ. சுப்பராயலு, கா. ராஜன் ஆகியோரின் முயற்சியில் அங்கே அகழாய்வு நடத்தியது. 2012இலும் 2013இலும் புதுவைப் பல்கலைக்கழகம் ராஜன் தலைமையில் மீண்டும் தோண்டியது. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. இரும்பும் எஃகும் உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. என்னை நின்று பார்க்கவைத்தவை மணிகள். முழு மணிகள் எங்கும் கிடைக்கும். கொடுமணலில் பாதியில் நின்ற மணிகளும் இருக்கின்றன: தோண்டியபடியே வந்த கல், சில்லு பெயர்த்த கல், தேய்த்து உருட்டியது, மெருகேறியும் துளை விழாதது. ஒரு பட்டறையின் வேலைநாள் அப்படியே மண்ணுக்குள் போயிருக்கிறது. பெரில் படியூரிலிருந்தும், நீலக்கல் சிவன்மலை, பெருமாள்மலைப் பகுதிகளிலிருந்தும், பளிங்கு அரசம்பாளையம், வெங்கமேடு பக்கத்திலிருந்தும் வந்தன என்று ராஜன் காட்டியிருக்கிறார். சூதுபவளக் கல் மட்டும் வெகுதூரம் பயணம் செய்து வந்தது. பதிற்றுப்பத்து இரண்டு பாட்டுகளில் கொடுமணத்தைப் பெயர் சொல்லிப் போற்றுகிறது. கபிலரும் அரிசில்கிழாரும் அவற்றைப் பாடியவர்கள். கைவேலையில் சிறந்த அணிகலன்களுக்கு அந்த ஊர் பேர்பெற்றிருந்தது.

ஊர்ப்பெயர் இல்லாத இன்னொரு பாட்டு பதிற்றுப்பத்தில் உண்டு. அதை இந்தக் கொறங்காட்டில் நின்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஆறாம் பத்தில், ஆடுகோட்பாட்டுச் சேரலாதனை காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. பொரிந்த அடிமரத்தைப் பற்றிச் சிள்வண்டு இரையும் சிறிய இலை வேல மரங்கள், புன்செய் விதைக்கும் உழவர், பூட்டிய எருதுகளின் ஒலி, கலப்பை போன சாலில் அசைந்து ஒளிரும் மணி கிடைக்கும் நாடு என்று அது போகிறது. மணியின் வகையை அவர் சொல்லவில்லை. வேல மரம், புன்செய், எருது, உழவுசால், மணி என்ற ஐந்தும் ஒன்றாகச் சேரும் நிலம் சேரர் ஆட்சியில் எத்தனை இருந்திருக்கும்? படியூர்ப் பெரியவர் இன்றைக்கும் அதே சாலில்தான் குனிந்து நடக்கிறார்.

வடமொழி மரபும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது. விதூரம் என்ற இடத்திலிருந்து வருவது வைடூரியம் என்று பாணினி ஒரு சூத்திரமே வைத்தார். அதற்கு விளக்கம் எழுதிய பதஞ்சலி, கல் பிறப்பது வாலவாயம் என்ற மலையில், விதூரத்தில் அதைப் பட்டை தீட்டுகிறார்கள் என்றார். தோண்டும் இடம் ஒன்று, தொழில் செய்யும் இடம் ஒன்று. படியூருக்கும் கொடுமணலுக்கும் உள்ள உறவும் இதுவே. காளிதாசன் குமாரசம்பவத்தில், பிறந்த பார்வதியோடு ஒளிரும் தாய்க்கு உவமை தேடும்போது, புதுமேகத்தின் முழக்கம் கேட்டு மணிக்கோல் முளைத்து நிற்கும் விதூர நிலத்தைச் சொல்கிறான். அவன் மணி என்று மட்டும் சொல்லி விடவில்லை, மணிக்கோல் என்கிறான். ஆறு பட்டையோடு குச்சி போல நீண்டிருக்கும் பெரிலின் உருவம் அது. பூனைக்கண் கல் அப்படி நீளாது. இடி இடித்தால் கல் முளைக்கும் என்ற நம்பிக்கைக்குப் பின்னால், மழையில் மேல்மண் கரைந்து கல் வெளியே தலைகாட்டும் காட்சி இருந்திருக்க வேண்டும்.

விதூரமும் வாலவாயமும் எங்கே இருந்தன என்பதில் நான் இறங்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல விரும்புகிறேன். வேளுரிய என்ற சொல் வேளூர் என்ற ஊர்ப்பெயரிலிருந்து பிறந்தது என்று ஒரு கருத்து அகராதிகளில் உண்டு. கர்நாடகத்தின் பேலூரை அவர்கள் காட்டுகிறார்கள். கொங்குக்காரர்களான நமக்கு, வெள்ளலூர் இருக்கிறதே, பரமத்தி வேலூர் இருக்கிறதே என்று உடனே ஆசை வரும். அந்த ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். ஒலி ஒத்துவருவது சான்றாகாது. கல் விளையாத ஊரின் பெயர் கல்லுக்கு ஏன் வரவேண்டும் என்ற கேள்வி பேலூருக்கும் பொருந்தும். வெள், விளர், வெளிறு என்ற வேர்க் குடும்பத்திலிருந்து, வெளிர்ந்து ஒளிர்வது என்ற பொருளில் இச்சொல் பிறந்திருக்கலாம் என்பது இன்னொரு கருத்து. எனக்கு இதுவே ஏற்புடையதாகப் படுகிறது. அக்காலத்தில் பேர்பெற்றிருந்த பெரில் நிலங்கள் திராவிட மொழிகள் பேசும் மண்ணில் இருந்தன. பாலியில் ளகரமும் வடமொழியில் டகரமும் தகரமும் மாறிமாறி வருவதைப் பார்த்தால், தன்னுடையதல்லாத ஓர் ஒலியை எழுத்தில் பிடிக்க வடமொழி தடுமாறியது தெரிகிறது. திராவிட வேர் உறுதி என்று இன்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வழக்கின் எடை அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

இந்தக் கல்லுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன் உண்டு. அவன் ஆங்கிலத்துக்குப் போன வழியில் இவ்வளவு சிக்கல் கிடையாது. கொரண்டம் என்ற ஆங்கிலச் சொல் தமிழ்க் குருந்தத்திலிருந்து போனது என்பதை 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் முதல் பல அகராதிகள் ஏற்கின்றன. சாணைக்கல்லில் அரக்கோடு சேர்க்கும் குருந்தக்கல்தான் அது. நிறமேறிப் பிறந்தால் மாணிக்கம் அல்லது நீலம். கடினத்தில் வைரத்துக்கு அடுத்த படி, அளவுகோலில் 9. பெரில் ஏழரைக்கும் எட்டுக்கும் இடையில். காங்கேயத்துக்குப் பக்கத்துச் சிவன்மலைப் பாறைகளில் குருந்தம் இருப்பதை 1901இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஹாலந்து விரிவாக எழுதினார். மணியும் அதைத் தேய்க்கும் கல்லும் ஒரே வட்டாரத்தில் கிடைத்ததால் நொய்யல் கரையில் பட்டறை அமைந்தது என்று கொள்வதே இயல்பு. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியும் பழைய குருந்த நிலம்தான். சந்திரயான்-2 திட்டத்துக்கு நிலவின் மண்ணைப் போன்ற மாதிரி மண் வேண்டியிருந்தபோது, சித்தம்பூண்டிப் பக்கத்துப் பாறையை அரைத்துத்தான் செய்தார்கள்.

படியூர்ச் சுரங்கம் கும்பினிக் காலத்தில் ஒருமுறை கண் விழித்தது. பின்னாளில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஜோசையா மார்ஷல் ஹீத், 1819, 1820 ஆண்டுகளில் இங்கே தோண்டினார். 2,196 கற்கள் கிடைத்தன, மதிப்பு ஏறத்தாழ 1,200 பவுண்டு என்று பழைய நிலவியல் ஏடுகள் பதிந்திருக்கின்றன. பிறகு சுரங்கம் அடங்கிவிட்டது.

ஹீத் வருவதற்கு இருபது ஆண்டுக்கு முன்பே, பாரீஸில் இந்தக் கல்லின் மற்றொரு வாழ்க்கை தொடங்கியிருந்தது. பெரிலும் மரகதமும் ஒரே இயல்புடையவை என்று பலர் நினைப்பதாக பிளினி எழுதியிருந்தார். இரண்டின் படிக வடிவமும் ஒன்றாக இருப்பதைக் கவனித்த கனிமவியலாளர் ஹாயூய், வேதியியலாளர் வோக்லானிடம் சோதிக்கச் சொன்னார். 1798இல் வோக்லான் இரண்டிலும் அதுவரை யாரும் அறியாத ஒரே தனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதன் உப்புகள் இனித்ததால் முதலில் இனிப்பை வைத்துத்தான் பெயரிட்டார்கள். கடைசியில் கல்லின் பெயரே நின்றது. அதுதான் பெரிலியம், தனிம அட்டவணையில் நான்காவது. 1932இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டது பெரிலியத்தைக் கதிர்களால் தாக்கித்தான். 2021 டிசம்பர் 25 அன்று விண்ணில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதன்மைக் கண்ணாடி பதினெட்டுத் துண்டுகளால் ஆனது. அத்தனையும் பொன் பூசிய பெரிலியம், ஒவ்வொன்றும் அறுகோணம்.

இப்படி உலகைச் சுற்றிய சொல் வீடு திரும்பியபோது நாம் அதை அடையாளம் காணவில்லை. பைபிளின் கடைசி நூலில் புதிய எருசலேமின் எட்டாவது அடித்தளக் கல் பேரில்லோஸ். தமிழ் பைபிள் அதைப் படிகப்பச்சை என்று பெயர்த்து, வைடூரியம் என்ற பெயரைப் பத்தாவதான வேறொரு கல்லுக்குக் கொடுத்தது. மொழிபெயர்த்தவர்கள்மேல் பிழை சொல்ல மாட்டேன். அதற்குள் தமிழில் வைடூரியம் பூனைக்கண் ஆகி நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. படிகம், பச்சை என்ற இரண்டையும் சேர்த்துக் கல்லின் தன்மையைச் சரியாகவே பிடித்திருக்கிறார்கள்.

நம் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பு வேதியியல் படிக்கும் பிள்ளைகள் காரமண் உலோகங்களின் வரிசையில் முதலாவதாக பெரிலியம் என்று எழுதுகிறார்கள். காங்கேயத்துப் பள்ளியிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அந்தப் பாடம் நடத்தும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. மழை விட்ட ஒரு காலையில் பிள்ளைகளைப் படியூர்ப் பக்கம் கூட்டிப் போங்கள். ஒரு பச்சைக்கல்லைக் கையில் வாங்கி, ஆறு பட்டையையும் அவர்களே எண்ணிப் பார்க்கட்டும். தமிழகராதியைத் திருத்திப் பதிப்பிப்பவர்களும் வைடூரியம் என்ற பதிவில் பூனைக்கண்ணுக்கு முன்னால், பழைய வழக்கில் பெரில் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.